இரவல் மருந்து

குதிரைக்கு வைத்தியம் சொல்ல நம் தேசத்தில் சாலிஹோத்திரர் பெயரால் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. யானைக்குப் பாலகாப்பியர் பெயரால் இன்னொன்று. மாட்டுக்கு வாகடம் இருக்கிறது, தமிழிலேயே இருக்கிறது. பூனைக்கு என்ன இருக்கிறது? சகுனம் இருக்கிறது. குறுக்கே போனால் என்ன பலன், வலமிருந்து இடம் போனால் என்ன பலன் என்றெல்லாம் ஆராய்ந்து வைத்த பெரியவர்கள், அந்தப் பூனைக்கே ஜலதோஷம் பிடித்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்ததாக நான் கண்டதில்லை.

இதற்காக நம்மவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஐரோப்பாவில் முதல் மிருக வைத்தியப் பள்ளிக்கூடம் 1762-ல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் திறக்கப்பட்டது. அதை ஏற்படுத்திய கிளாட் பூர்ஜெலா என்பவர் குதிரையேற்றம் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பாவில் மாடுகள் கொள்ளை நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கொண்டிருந்தன, ராஜாங்கத்துக்குக் கவலை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. 1791-ல் லண்டனில் ஒன்று தொடங்கினார்கள். அங்கே குதிரைதான் சகலமும். நமது சென்னை வேப்பேரியில் 1903-ல் கலாசாலை ஏற்பட்டபோதும் கதை ஏறக்குறைய அதுதான். உழுகிற மாடு, வண்டி இழுக்கிற குதிரை, பட்டாளத்துப் பிராணிகள் - இவைகளுக்குத்தான் வைத்தியர் தேவைப்பட்டார். கணக்கு மிகவும் எளியது. குதிரை செத்தால் நஷ்டம். பூனை செத்தால் பக்கத்து வீட்டில் நாலு குட்டி இருக்கிறது, ஒன்று கேட்டால் இரண்டாகக் கொடுத்தனுப்புவார்கள்.

ஆகவே, மேல்நாட்டில் படித்துப் பட்டம் வாங்கிய மிருக வைத்தியர் ஒருவர் பூனைக்கு வைத்தியம் பார்ப்பது கௌரவக் குறைவாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. மோட்டார் வண்டி வந்து குதிரையைத் தெருவிலிருந்து விரட்டிய பிறகுதான் அவர்கள் நாயின் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பூனையின் முறை அதற்கும் பிறகு.

முதலில் பூனையைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர்களில் ஒருவர் வைத்தியரே அல்ல. 1917-ல், முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, மரியா டிக்கின் என்ற அம்மாள் லண்டனில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த வொயிட்சேப்பல் பகுதியில் ஒரு நிலவறையை வாடகைக்குப் பிடித்து, நோயுற்ற பிராணிகளுக்கு இலவச சிகிச்சை என்று அறிவிப்பு ஒட்டினார். காய்கறி வண்டி இழுக்கும் கழுதைகள் வந்தன, முயல்கள் வந்தன, கூடையிலும் மேல் துணியிலும் சுற்றிக்கொண்டு பூனைகள் வந்தன. பட்டம் பெற்றவர்கள், "இந்தப் பெண்மணி யார் வைத்தியம் பார்க்க?" என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அதுவரை அந்தப் பூனைகளை அவர்களில் எத்தனை பேர் தொட்டுப் பார்த்தார்கள் என்று திருப்பிக் கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டமாயிருந்திருக்கும்.

அட்லாண்டிக்குக்கு அப்புறம், நியூயார்க்கில், லூயி கமூட்டி என்று ஒரு மிருக வைத்தியர் இருந்தார். இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பம். பூனைகளுக்கு மட்டுமே வைத்தியம் என்று வைத்துக்கொண்டு, பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடி வீடு மாடி வீடாக ஏறி இறங்கினார். தம் அனுபவங்களை 1980-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். தம் நோயாளிகள் எல்லாரும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறார்கள் என்று பொருள்படும்படி அதற்குத் தலைப்புக் கொடுத்தார். பூனை வளர்க்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வைத்தியர் வந்து சேர்ந்தார் என்றே வைத்துக்கொள்வோம். பையில் என்ன மருந்து இருந்தது? அங்கேதான் சங்கடம். பூனைக்கென்று யாரும் மருந்து செய்யவில்லை. இருந்ததெல்லாம் மனிதனுக்குச் செய்தது, இல்லாவிட்டால் நாய்க்குச் செய்தது. பூனை என்பது ஒரு சின்ன நாய். நாய்க்கு முழு மாத்திரை என்றால் பூனைக்குக் கால் மாத்திரை - இந்தக் கணக்கில்தான் இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் காலட்சேபம் நடந்தது. பூனையின் வைத்திய சரித்திரம் முழுவதும் இப்படி இரவல் வாங்கின சரித்திரந்தான். சில இரவல் பலித்தது. சில இரவல் உயிரை வாங்கியது.

நல்லதை முதலில் சொல்லி விடுகிறேன். பூனைக்குட்டிகளைக் கூண்டோடு வாரிக்கொண்டு போகிற வியாதி ஒன்று உண்டு. நேற்று வரை பந்தை உருட்டி விளையாடிய குட்டி இன்று காலை வாந்தி எடுக்கும், காய்ச்சல் அடிக்கும், தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, குடிக்கவும் முடியாமல் நகரவும் மனமில்லாமல் உட்கார்ந்திருக்கும். விஷம் வைத்து விட்டார்கள் என்று அக்கம் பக்கத்தாரைச் சந்தேகிப்பார்கள். 1928-ல் வெர்ஜ், கிறிஸ்தோபொரோனி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இது விஷமல்ல, சல்லடையில் தேங்காத நுண்கிருமியான வைரஸ் என்று காட்டினார்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஹாமன், எண்டர்ஸ் என்ற இருவர், தங்கள் ஆராய்ச்சிசாலைப் பூனைகளே இந்த வியாதியில் மாண்டு போவதைக் கண்டு அதை ஆராயத் தொடங்கினார்கள். ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் சில நூறாகக் குறைந்து, ஒன்றுமே இல்லாமலும் போய்விடுகின்றன என்பதை 1939-ல் எழுதி வெளியிட்டார்கள்.

இந்த ஜான் எண்டர்ஸ் யார் தெரியுமோ? போலியோ என்னும் இளம்பிள்ளை வாதக் கிருமியைக் கண்ணாடிக் குழாயில் திசுக்களின் மேல் வளர்க்கும் வழியைக் கண்டு, இரண்டு சகாக்களோடு 1954-ல் நோபல் பரிசு பெற்றவர். அந்த வழியில்தான் போலியோத் தடுப்பு மருந்து சாத்தியமாயிற்று. அந்த வழியைப் பின்பற்றியே 1960-களில் பூனையின் வியாதிக்கும் நல்ல தடுப்பூசி செய்தார்கள். ஆக, எண்டர்ஸை வைரஸ் பக்கம் இழுத்து வந்ததில் செத்துப் போன பூனைக்குட்டிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்றால், குழந்தைகளுக்காக அவர் கண்டது திரும்பிப் பூனைக்கு வந்து சேர்ந்தது என்றும் சொல்லலாம்.

பூனை ஒரு தடவை கடன் கொடுத்ததும் உண்டு. 1978-ல் உலகம் பூராவும் நாய்க்குட்டிகள் திடீரென்று ரத்த பேதியில் சாக ஆரம்பித்தன. புது வைரஸ், பூனை வியாதியின் கிருமிக்கு நெருங்கிய உறவு. நாய்க்குத் தடுப்பூசி செய்து முடிக்கும் வரை காத்திருக்க நேரமில்லை. என்ன செய்தார்கள்? பூனையின் தடுப்பூசியை எடுத்து நாய்க்குப் போட்டார்கள். நாய்கள் பிழைத்தன. பூனைக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, அதுவும் எதிர்பார்த்திருக்காது.

இனி மற்ற பக்கம்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருந்தார். ஆசாரக்காரர், ஆனாலும் பூனை விஷயத்தில் ஆசாரமெல்லாம் இரண்டாம் பட்சம். சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்று, அவர் பூஜைக்கு உட்கார்ந்தால் மடிசார்த் தலைப்பின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். ஒரு மழைக் காலத்தில் அதற்குக் காய்ச்சல் கண்டது. காது சுட்டது, சாப்பிடவில்லை. மாமி பேரனுக்குக் கொடுக்கிற காய்ச்சல் மாத்திரையில் பாதியை உடைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவி விட்டார். "பச்சைக் குழந்தைக்கே கொடுக்கிறோமே ஐயா, இதற்கென்ன?" என்று என்னிடம் பிற்பாடு கேட்டார். கேட்டது நியாயமான கேள்வி. மாலைக்குள் பூனையின் ஈறு சிவப்பு மாறிக் காப்பிக் கொட்டை நிறமாயிற்று, முகமும் பாதமும் வீங்கின, மூச்சு வாங்கிற்று. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டது. காய்ச்சலால் போயிற்று என்றே மாமி நம்பினார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

அந்த மாத்திரையின் பெயர் பாராசிட்டமால். நம் வீட்டு அலமாரிகளில் சாம்பார்ப் பொடிக்கு அடுத்தபடி சர்வ சாதாரணமாக இருப்பது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். காரணம் கல்லீரலில் இருக்கிறது. உடம்புக்கு வேண்டாத ரசாயனங்களை மனிதனின் கல்லீரல் ஒருவகைச் சர்க்கரைப் பொருளோடு கோத்து, தண்ணீரில் கரையும்படி செய்து, சிறுநீரில் வெளியே தள்ளிவிடுகிறது. பூனையின் கல்லீரலுக்குப் பல மருந்துகளை அப்படிக் கோத்துக் கட்டத் தெரியாது. 1958-ல் லண்டனில் ராபின்ஸன், வில்லியம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைகளுக்கு இந்தக் காரியம் தெரியுமா என்று தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டு ஒரு குறிப்பு எழுதினார்கள். காரணம் துலங்க மேலும் நாற்பது வருஷம் ஆயிற்று. 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்கேல் கோர்ட், டேவிட் கிரீன்பிளாட் என்பவர்கள், இந்த வேலைக்கு வேண்டிய ஜீன்களில் முக்கியமான ஒன்று பூனையில் உடைந்து செயலற்றுக் கிடக்கிறது என்று கண்டார்கள். பிற்பாடு தேடிப் பார்த்தால் சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும்கூட அது உடைந்துதான் இருக்கிறதாம். செடி கொடிகளைத் தின்கிற பிராணிக்கு இலையிலும் வேரிலும் உள்ள விஷங்களை முறிக்க இந்த ஏற்பாடு தேவை. தலைமுறை தலைமுறையாக மாமிசமே தின்று வந்த ஜாதிக்கு அது தேவைப்படவில்லை. உபயோகிக்காத சாவி துருப்பிடிப்பதுபோல் போய்விட்டது என்பது விஞ்ஞானிகளின் ஊகம்.

ஆஸ்பிரினும் இப்படியே. நம் உடம்பில் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிற மருந்து, பூனையின் உடம்பில் பாதியாவதற்கு ஒரு நாளைக்கும் மேல் ஆகும். வேளைக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனால் மூன்றாம் நாள் அதன் ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று பள்ளிக்கூடத்துக் கணக்குப் பிள்ளையும் சொல்லிவிடுவான்.

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்றால் அதிலும் ஆபத்து. வாளித் தண்ணீரில் விட்டதும் வெள்ளை வெளேரென்று ஆகிறதே, அந்தக் கறுப்புப் பினாயிலில் இருப்பதும் பூனையின் கல்லீரலுக்குக் கட்டி வெளியேற்றத் தெரியாத சரக்குத்தான். ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பூனை உட்கார்ந்து பாதத்தை நக்கும். பூனைக்கு மேல்பூச்சு என்று ஒரு மருந்தே கிடையாது. மேலே பூசுவதெல்லாம் உள்ளே போய்விடும். வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்னேனே வெள்ளணுக்களை அழிக்கிற வைரஸ், அது வீட்டுத் தரையில் ஒரு வருஷம் வரை உயிரோடு கிடக்கும், பினாயிலுக்கெல்லாம் அசையாது. சலவைத் தூள் என்று சொல்லுகிற பிளீச்சிங் பவுடர்க் கரைசலுக்குத்தான் அது மசியும். கரைசல் தரையில் கொஞ்ச நேரம் ஊறிய பின் நல்ல தண்ணீரால் அலசி, உலர்ந்த பிறகே பூனையை உள்ளே விட வேண்டும்.

பூனையின் ஜலதோஷத்துக்கு வருவோம். தும்மல், கண்ணில் பீளை, நாக்கில் புண். இதை உண்டாக்கும் இரண்டு முக்கியமான வைரஸ்களில் ஒன்றை 1957-ல் நியூஸிலாந்திலும் மற்றொன்றை 1958-ல் அமெரிக்காவிலும் பிரித்தெடுத்தார்கள். பின்னது மனிதரின் உதட்டில் அக்கிக் கொப்புளம் போடும் கிருமியின் பங்காளி. பங்காளி என்றதும் நம்முடைய மாத்திரைகள் நினைவுக்கு வந்தன. அக்கிக்குக் கொடுக்கும் வாலாசைக்ளோவிர் என்ற மருந்தைச் சோதனையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பூனைகளின் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் கெட்டு அவை செத்தன. அதே இனத்தில் ஃபாம்சைக்ளோவிர் என்று இன்னொரு மாத்திரை. அதைக் கொடுத்தால் கண்ணும் மூக்கும் தெளிந்து பூனை எழுந்து உட்காருகிறது. கடையில் இரண்டும் அடுத்தடுத்த டப்பாவில் இருக்கும். லைஸின் என்று ஒரு சத்துப் பொருளை மனிதர்களின் உதட்டுக் கொப்புளத்துக்குச் சொன்னார்கள் என்பதற்காக வெகு காலம் பூனைக்கும் கொடுத்து வந்தார்கள். 2015-ல் எல்லா ஆராய்ச்சிகளையும் கூட்டிப் பார்த்து, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, நிறுத்துங்கள் என்று சொன்னார்கள். பலர் இன்னும் நிறுத்தவில்லை.

ஜலதோஷத்தில் பூனையைக் கொல்வது பல சமயம் கிருமிகூட இல்லை, பட்டினி. மூக்கு அடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாத எதையும் அது சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளாது. சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி அது வேறு வியாதியாகிவிடும். மூக்கைத் துடைத்துவிட்டு, மீனை வெதுவெதுப்பாக்கி, கறிக் குழம்பு மணக்கிற மாதிரி முகத்தருகே நீட்டுவதுதான் முதல் சிகிச்சை. இது மட்டும் எவரிடமும் இரவல் வாங்காதது.

மருந்து சரியாயிருந்தாலும் அளவு இரவலாயிருந்தால் வம்பு வந்து சேரும். என்ரோஃப்ளாக்ஸசின் என்ற கிருமிக்கொல்லியை 1990-களின் கடைசியில் நாய்க்குக் கொடுப்பது போலத் தாராளமாகப் பூனைக்கும் கொடுத்தார்கள். காயம் ஆறியது, பூனை சுவரில் போய் முட்டியது. விழித்திரை கருகிவிட்டிருந்தது. அதன் பிறகு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தார்கள். ஜலதோஷத்தோடு வரும் சில கிருமிகளுக்கு டாக்ஸிசைக்ளின் நல்ல மருந்து. ஆனால் அந்த மாத்திரையை வறட்டு வாயில் போட்டால் பூனையின் தொண்டைக் குழலில் பாதி வழியில் ஒட்டிக்கொண்டு, அந்த இடத்தையே சுட்டுப் புண்ணாக்கி, குழல் சுருங்கிப் போகும். மாத்திரை போட்டவுடன் ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர் புகட்டினாலோ, ஒரு வாய் சோறு ஊட்டினாலோ தீர்ந்தது. இவ்வளவு சின்ன விஷயம் தெரியாமல் எத்தனை பூனைகள் சாப்பாட்டைப் பார்த்தபடியே இளைத்திருக்கின்றன!

மாத்திரை போடுவதும் லேசான காரியமல்ல. பூனையைத் துண்டால் கழுத்து வரை சுற்றி, மடியில் முதுகுப் பக்கமாக அணைத்து, தாடையின் இரு கோடியிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படும்படி தலையைப் பிடித்து மேலே நிமிர்த்த வேண்டும். தானாகவே கீழ்த்தாடை சற்றுத் திறக்கும். நாக்கின் அடிவேரில் மாத்திரையை வைத்து வாயை மூடி, மூக்கு நுனியை லேசாகத் தடவினால் விழுங்கும். பூனையும் இந்தப் புத்தகத்தைப் படித்திருந்தால் எல்லாம் இப்படியே நடக்கும்.

இத்தனை நேரம் சொன்னது, சுகப்படுத்தக்கூடிய வியாதிகளைப் பற்றி. சுகமே ஆகாது என்று முத்திரை குத்தப்பட்டிருந்த வியாதி ஒன்று உண்டு. பாஸ்டன் நகரத்து ஏஞ்செல் நினைவு மிருக ஆஸ்பத்திரியில் ஜீன் ஹோல்ஸ்வொர்த் என்ற அம்மையார் வேலை பார்த்தார். முதலில் கல்லூரியில் லத்தீன் பாஷை கற்பித்தவர்; அதை விட்டு மிருக வைத்தியம் படித்துப் பூனை வைத்தியத்தில் பேர் வாங்கினார். 1963-ல் அவர், வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு இளம் பூனைகள் சாகிற ஒரு வியாதியைத் தனியே எடுத்துச் சொன்னார். குட்டியின் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். வயிறு மட்டும் குடம் மாதிரி இருக்கும். ஊசி குத்தி எடுத்தால் வைக்கோல் நிறத்தில் பிசுபிசுவென்று நீர் வரும். சில பூனைகளுக்கு நீர் கோக்காது. கண் மங்கும், கால் தள்ளாடும். ஆங்கிலத்தில் சுருக்கமாக எஃப்.ஐ.பி. என்பார்கள்.

இதன் விபரீதம் என்னவென்றால், கிருமி வெளியிலிருந்து விசேஷமாக வந்ததல்ல. கூட்டமாக வாழும் பூனைகளில் பெரும்பாலானவற்றின் குடலில் சாதுவான கொரோனா வைரஸ் ஒன்று குடியிருக்கிறது. அதிகம் போனால் இரண்டு நாள் வயிற்றுப் போக்கு. நூற்றில் சில பூனைகளின் உடம்புக்குள் அந்தச் சாது குணம் மாறி, குடலை விட்டு ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. அப்புறம் நாள் கணக்குத்தான். வைத்தியர்கள் கையை விரித்து, வேதனையில்லாமல் தூங்கச் செய்யும் ஊசியைச் சிபாரிசு செய்வார்கள். ஐம்பத்தைந்து வருஷம் இதுவே நிலைமை.

கலிபோர்னியாவில் டேவிஸ் சர்வகலாசாலையில் நீல்ஸ் பீடர்ஸன் என்பவர் 1960-களில் மாணவராக இருந்தபோதே இந்த வியாதியைப் பிடித்துக்கொண்டார். தலை நரைத்து உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. தாமாக மருந்து கண்டுபிடிக்கிற வசதி அவரிடம் கிடையாது. வழக்கம்போல் இரவல்தான். கிலியட் என்ற பெரிய மருந்துக் கம்பெனி, மனிதர்களைத் தாக்கும் வைரஸ்களுக்காகச் செய்து அலமாரியில் வைத்திருந்த ரசாயனங்களில் ஒன்றிரண்டைப் பூனைக் கிருமியின் மேல் சோதித்துப் பார்க்க வாங்கினார். அதில் ஒன்றுக்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை, ஜி.எஸ். 441524 என்று கைதி நம்பர் மாதிரி ஓர் இலக்கம். சாகக் கிடந்த 31 வீட்டுப் பூனைகளுக்குப் பன்னிரண்டு வாரம் தினம் ஓர் ஊசி என்று கொடுத்தார். ஐந்து பூனைகள் ஆரம்பத்திலேயே போய்விட்டன. மற்றவைகளில் வியாதி திரும்பியவற்றுக்கு மறுபடியும் மருந்து கொடுத்து, கடைசியில் 25 பூனைகள் பிழைத்து எழுந்தன. 2019-ல் இந்த விவரத்தை வெளியிட்டார். ஒரு பூனைகூடப் பிழைக்காது என்றிருந்த வியாதியில் 25!

இந்த இடத்தில் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கம்பெனி, பூனைகளுக்காக அந்த மருந்தைச் செய்ய எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அந்த இலக்கத்துக்கு ஒரு மூத்த சகோதரன் உண்டு, பெயர் ரெம்டெசிவிர். உடம்புக்குள் போனதும் அது இந்த இலக்கமாகவே மாறுகிறது. மனிதர்களுக்காக அதைக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்த சமயத்தில், பூனைகளில் ஏதாவது கோளாறு தென்பட்டால் பெரிய வியாபாரத்துக்கு இடைஞ்சலாகும் என்று கம்பெனி அஞ்சியதாகப் பத்திரிகைகள் எழுதின. கம்பெனியின் கணக்கு எனக்குப் புரிகிறது. அதற்காக அதை மெச்ச என்னால் முடியவில்லை.

ரெம்டெசிவிர் என்ற பெயர் நம் ஊரில் எவருக்கும் மறந்திருக்காது. 2021 சித்திரை வெயிலில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்தக் குப்பிக்காக இரவும் பகலும் வரிசையில் நின்றார்கள். அப்பாவுக்காகவும் மனைவிக்காகவும் நின்றவர்கள். கள்ளச் சந்தையில் பத்து மடங்கு கொடுக்கவும் தயாராக இருந்தவர்கள். மனிதர்களின் கொரோனாவில் அந்த மருந்து செய்த நன்மை சுமார்தான் என்று பின்னால் தெரிந்தது. பூனையின் கொரோனாவிலோ அது சஞ்சீவி.

பூனைக்காரர்களும் கள்ளச் சந்தைக்குத்தான் போனார்கள். மருந்தின் அமைப்பு விஞ்ஞானப் பத்திரிகையில் அச்சாகியிருந்தது; சீனாவில் அதைப் பார்த்துச் செய்து, உள்ளே என்ன இருக்கிறதென்று சரியாக எழுதாத குப்பிகளில் அடைத்து விற்றார்கள். விலை ஒரு பூனைக்கு ஆயிரக்கணக்கான டாலர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல வைத்தியர்கள், உரிமம் பறிபோகும் என்று அதைத் தொட மறுத்தார்கள். ஆகவே பள்ளிக்கூட வாத்தியாரம்மாக்களும் பாங்கி குமாஸ்தாக்களும் முகநூலில் கூட்டம் சேர்ந்து, எடைக்கு இவ்வளவு, கண் மங்கினால் இவ்வளவு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு மேஜையின் மேல் பூனையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, வாழ்நாளில் ஊசி பிடித்தறியாத கையால் 84 நாள், ஒரு நாள் விடாமல் குத்தினார்கள். மருந்து அமிலக் காரம் உள்ளது. குத்தும்போது பூனை அலறும். குத்தின இடம் புண்ணாகும். தன்னிடம் அன்பாயிருக்கும் ஒரு ஜீவனை 84 தடவை அலற வைப்பதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! இப்படிச் செய்த 393 பேரை விசாரித்து 2021-ல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. விசாரித்த சமயத்தில் அந்தப் பூனைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் உயிரோடிருந்தன. டிக்கின் அம்மாளின் நிலவறையைச் சண்டை போட்டு எதிர்த்தவர்களின் வாரிசுகளுக்கு இந்தக் கணக்கு சற்று உறுத்தியிருக்கும்.

சட்டம் மெல்ல வழிவிட்டது. பிரிட்டனில் 2021-ல் அந்த மருந்து வைத்தியர்கள் எழுதிக் கொடுத்து வாங்கக்கூடியதாயிற்று. அமெரிக்காவில் 2024 மே மாதம், வைத்தியர் சீட்டின் பேரில் மருந்துக் கடையில் கலந்து கொடுத்தால் ஆட்சேபிப்பதில்லை என்று சர்க்கார் சொல்லிற்று. அதே வருஷம் மியூனிக் நகரத்தில் 40 பூனைகளை வைத்துப் பார்த்ததில், நீர் கோத்த வகைக்கு 84 நாள் தேவையில்லை, 42 நாளே போதும் என்று தெரிந்தது. ஊசியும் வேண்டாம், மாத்திரையே வேலை செய்கிறது.

இதற்கு நடுவில் சைப்ரஸ் தீவில் ஒரு விசித்திரம் நடந்தது. பூனை மனிதனோடு சேர்ந்து வாழ்ந்ததற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. சுமார் 9,500 வருஷத்துக்கு முந்திய ஒரு சமாதியில் மனித எலும்புக் கூட்டுக்கு ஒரு முழத்துக்குள் எட்டு மாதப் பூனையொன்றைப் பக்குவமாகக் கிடத்திப் புதைத்திருந்ததைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2004-ல் வெளியிட்டார்கள். நாலாம் நூற்றாண்டில் ஹெலனா என்ற ராஜமாதா, தீவில் பெருகிவிட்ட பாம்புகளை ஒழிக்கக் கப்பல் நிறையப் பூனைகளை அனுப்பினாள் என்று ஐதிகம். இன்றைக்கும் மனிதருக்குச் சமமாகப் பூனைகள் இருக்கிற தேசம் என்கிறார்கள்.

2023-ல் அந்தத் தீவில் பூனைகள் வயிறு வீங்கிச் சாக ஆரம்பித்தன. நாயின் கொரோனா வைரஸில் ஒரு பகுதி பூனையின் வைரஸோடு கலந்து புது வம்சம் பிறந்திருந்தது. பழைய எஃப்.ஐ.பி. ஒரு பூனையிலிருந்து மற்றொன்றுக்குப் பரவாது, இது பரவிற்று. மூன்று லட்சம் பூனைகள் செத்துவிட்டதாக ஒரு கணக்கு உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. மிகைப்படுத்திய கணக்கு என்று தீவின் மிருக வைத்தியர்கள் மறுத்தார்கள். எத்தனையானாலும், தெருப் பூனைக்குச் சோறு வைக்கிற கிழவிக்கு ஆயிரக்கணக்கில் மருந்து வாங்கக் கட்டுபடியாகுமா? சர்க்காரின் கிடங்கிலோ மனிதர்களுக்காக வாங்கி மிஞ்சிய கொரோனா மாத்திரைகள் இருந்தன. மோல்னுபிரவிர் என்று பெயர். அந்த வருஷம் ஆகஸ்டு மாதம், அந்தப் பெட்டிகளை மிருக வைத்தியர்கள் மூலம் பூனைகளுக்கு வழங்கச் சைப்ரஸ் மந்திரி சபை உத்தரவிட்டது. மனிதனுக்குச் செய்த மருந்தை ஒரு ராஜாங்கமே எடுத்துப் பூனைக்குக் கொடுத்தது.

அமெரிக்காவில் இப்போது விற்கிற அந்த இலக்கம் போட்ட மருந்தை, நாலாக உடைக்கக் கோடு கிழித்த மாத்திரையாகச் செய்து, சூரை மீன் வாசனையும் சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலான பூனைகள் தின்றுவிடுகின்றனவாம். மற்றவைகளுக்குத் துண்டு வேண்டும்.